ரெண்டு கை இருந்தப்போ

அத்தியாயம் 14

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அந்தப் பத்து நாளும் வீட்டில் முக்கியமான பேச்சு எல்லாம் குழாயைத் திறந்துவிட்டுத்தான் நடந்தது.

குளியலறைக் குழாய். அடியில் தகர வாளியை வைத்துத் திருப்பிவிட்டால், விழுகிற சத்தத்தில் முன்னறைக் கட்டிலில் படுத்திருப்பவன் காதுக்கு ஒரு வார்த்தை எட்டாது. இந்த யோசனை அக்கா புருஷன் மேஸ்திரியுடையது. சலவை ஆலையில் இருபது வருஷம் இரைச்சலுக்குள் நின்று பெண்டாட்டியோடு குடித்தனம் பேசிப் பழகியவர். எந்தச் சத்தத்துக்கு அடியில் எந்தப் பேச்சை ஒளிக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

இன்று காலையிலும் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அக்கா, ஆலையில் எல்லோருக்கும் உருளையக்கா, மகளின் தலைக்குச் சோப்புப் போட்டாள். மேஸ்திரி வாசற்படியில் குந்தி உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

"கம்பியைக் கட்டினது யாரு?"

"அம்மா" என்றது குழந்தை, நுரைக்குள்ளிருந்து.

"மாமா" என்று திருத்தினார் மேஸ்திரி.

"இல்லப்பா, அம்மாதான். நான் பார்த்தேன்ல. கிழிஞ்ச தலகாணி உறையை எடுத்து, இப்படிச் சுத்தி..."

உருளையக்காவின் கை மகள் தலையிலேயே நின்றுவிட்டது. மேஸ்திரி கோபப்படவில்லை. அதட்டினால் குழந்தை வாயைப் பூட்டிக்கொள்ளும் என்று நேற்றே கண்டுகொண்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, நீராவியில் கொதிக்கும் பெரிய உருளைக்குள் கொடுத்துத் தேய்த்து அனுப்புகிற ஆலை அது. உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு காவல் கம்பி. கை பட்டால் போதும், உருளை நின்றுவிடும். துணி மடிந்து தடித்துப் பட்டாலும் நின்றுவிடும். அதுதான் தொல்லை. நின்ற உருளையில் மாட்டிய விரிப்பு பழுப்பேறிப் போகும், மறுபடி ஓடவிட நேரம் பிடிக்கும், வெளியே வண்டி காத்திருக்கும். அதனால் வேலை நெருக்குகிற நாளில் கம்பியை அசையாமல் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அங்கே எல்லோரும் செய்கிற காரியம். யாரும் செய்ததாக ஒப்புக்கொள்ளாத காரியம்.

அன்றைக்குக் கட்டியவள் உருளையக்கா. பக்கத்தில் நின்று விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அவளோடு கூடப்பிறந்த தம்பி. மடிந்துபோன ஒரு முனையை இழுத்துவிடக் கையை நீட்டினான். உருளை துணியோடு கையையும் வாங்கிக்கொண்டது. மற்றக் கையால் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தான். கட்டின கம்பி அசையவில்லை.

வலது கை, மணிக்கட்டுக்கு மேலே போயிற்று.

மேஸ்திரி ஓடி வந்து மின்சாரத்தை நிறுத்தினார். நிறுத்திய கையோடு கம்பியில் கட்டியிருந்த துணியை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனாலும் கம்பியில் சாயம் தேய்ந்த தடம் விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா கண்ணில் பட்டுவிட்டது. யாரோ கட்டியிருக்கிறார்கள். யார்? வேலையாட்கள் ஒருவர் விடாமல் பார்க்கவில்லை என்றார்கள். தம்பியைக் கேட்டால், அன்றைக்கு நடந்தது ஒன்றும் நினைவில்லை என்றான். வலியில் எல்லாம் அழிந்துபோயிருக்கும் என்று டாக்டரும் சொன்னார். உருளையக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வாரமாகச் சோறு தின்றாள்.

மேனேஜர் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தார். அடிபட்டவனே கட்டினான் என்று முடிந்தால், அவனுக்கு நஷ்டஈடு வராது. ஆனால் வாசலில் காவல் வேலை போட்டுத் தரலாம். வேறு யாராவது கட்டினார்கள் என்று வந்தால் கட்டினவருக்கும் வேலை போகும், மேற்பார்த்த மேஸ்திரிக்கும் போகும், வழக்கும் வரும். யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு சம்பளமும் போகிற வீட்டில் யோசிக்க என்ன இருக்கிறது?

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மடிப்பு மேசைக்காரி வாயை விட்டாள். பள்ளிக்கூடம் லீவு, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று உருளையக்காவின் சின்னப் பெண்ணும் அன்றைக்கு அங்கேதான் இருந்தாள், காய்ந்த விரிப்புக் குவியல் மேல் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள் என்று. அதிகாரியம்மா உடனே பேனாவை எடுத்துவிட்டாள். இன்று பதினோரு மணிக்கு அந்தக் குழந்தையைக் கேட்க வேண்டும்.

குழந்தைக்கு ஆறு வயது முடிந்து இரண்டு மாதம். கறுத்து, சிறுத்து, வாய் மட்டும் காரமாக இருப்பதால் மாமன் வைத்த பெயர் மிளகு.

மிளகைப் பற்றி உருளையக்கா இத்தனை நாள் பயப்படவே இல்லை. பிள்ளை மண்டையின் நீள அகலம் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். மூன்று வயதில் கண்ணைப் பொத்திக்கொண்டு அறை நடுவில் நின்று, கண்டுபிடி என்று கூப்பிட்ட குழந்தை அது. தனக்குத் தெரியவில்லை என்றால் ஊருக்கே தெரியாது. நாலு வயதில் மாமன் போனில் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டால் போனைப் பார்த்துத் தலையாட்டும். அவன் பதில் வரவில்லையே என்று கத்துவான். இது இன்னும் பலமாக ஆட்டும். இன்னொரு பிஸ்கட் வேண்டும் என்று அழுதால் கையிலிருப்பதையே இரண்டாக உடைத்துக் கொடுத்தால் போதும், ரெண்டு ரெண்டு என்று சிரித்துக்கொண்டே போகும். அந்த உடைத்த பிஸ்கட்டில் உருளையக்கா எத்தனையோ சாயங்காலத்தை ஓட்டியிருக்கிறாள். ஏமாற்றுகிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இல்லாத வீட்டில் அதுவும் ஒரு சமையல்.

கம்பியைக் கட்டியதைக் குழந்தை பார்த்தது அவளுக்குத் தெரியும். ஆனால் கட்டியது ஒன்று, கை போனது ஒன்று, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற வயசா அது? இல்லை என்றே நம்பினாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் மிளகு. நுரை வழிந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"கேளு."

"தப்பு பண்ணினவங்களுக்குத்தானே அடிபடும்? சொன்ன பேச்சைக் கேக்காம நான் ஓடி விழுந்தப்போ அம்மா அப்படித்தானே சொன்னா. அம்மாதானே கம்பியைக் கட்டினா. அப்புறம் எப்படி மாமாவுக்கு அடிபட்டுச்சு?"

மேஸ்திரி பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு குழந்தை தலையில் ஊற்றினாள், தேவைக்கு மேலே.

கடைசியில் மேஸ்திரிதான் ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். மாமாவுக்கு ஏற்கெனவே அடிபட்டாகிவிட்டது. அவர் கட்டினார் என்று சொன்னால் இனிமேல் அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அம்மா கட்டினாள் என்று சொன்னால் அம்மாவையும் அடிப்பார்கள், அப்பாவையும் அடிப்பார்கள். அடிபட்டவர் மேலேயே போட்டுவிட்டால் புதிதாக யாருக்கும் வலிக்காது. சிமெண்ட் மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிற மாதிரி பொறுமையாக விளக்கினார்.

மிளகு முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசிப்பதை உருளையக்கா முதல் முறையாக உற்றுப் பார்த்தாள். புருவம் இரண்டும் கிட்டே வந்தன.

"அந்த மேடம் அன்னிக்கு அங்க இல்லையே."

"இல்லை."

"அப்போ அவங்களுக்கு யாரு கட்டினாங்கன்னு தெரியாது. நான் என்ன சொல்றேனோ அதுதான் அவங்களுக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் மாமான்னு சொன்னா, அவங்க மனசுக்குள்ள மாமாதான் கட்டுவாரு."

"அப்படிச் சொல்லுடி என் கண்ணு" என்றார் மேஸ்திரி. மூன்று நாள் பாடம் மண்டையில் ஏறிவிட்ட சந்தோஷம் அவருக்கு. எழுந்து போய்விட்டார்.

உருளையக்கா குழாயை மூடினாள். வீடு திடீரென்று அமைதியானது. போனைப் பார்த்துத் தலையாட்டிய பிள்ளை எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த நாளில் போயிற்று என்றும் தெரியவில்லை.

*

முன்னறையில் தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். வெளியே போகும் சட்டையைத் தோளில் போட்டிருந்தான். மிளகு ஈரத்தலையோடு ஓடிப்போய் அவன் முன்னால் நின்று பொத்தான் போட ஆரம்பித்தாள். பத்து நாளாக அது அவள் வேலை. போன வருஷம் வரை தன் சட்டைக்கே அம்மாவைத் தேடியவள், இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு கீழிருந்து மேலே வரிசையாகப் போட்டாள். கீழிருந்து போட்டால் ஓட்டை தப்பாது என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

"என்ன மிளகு, அம்மா உன்னைச் சவுக்காரத்துலயே ஊற வெச்சுட்டாளா? ரொம்ப நேரமாத் தண்ணி ஓடுச்சு" என்றான் தம்பி.

"என் தலையில அழுக்கு ஜாஸ்தி மாமா."

"தலையில இருக்கிற அழுக்கு தண்ணியில போயிடும். பரவாயில்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். உருளையக்கா கதவருகே நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தம்பி, காபி இருக்கா அக்கா என்று வேறெதையோ கேட்டான். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக் கேட்டான்.

மத்தியான நேரமெல்லாம் இந்த இரண்டு பேரும்தான் வீட்டில். பள்ளிக்கூடம் விட்டு வந்து மிளகு அவனுக்குச் சோறு போட்டுக் கொடுப்பாள். அவன் இடது கையால் சிந்திச் சிந்தித் தின்பதைப் பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரி சாப்பிடுறீங்க என்று திட்டுவாளாம். அதை உருளையக்கா நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டாள். அவனுக்கும் ஒரு பொழுதுபோக்கு.

*

பதினோரு மணிக்குத்தான் விசாரணை என்றாலும் எட்டு மணிக்கே அவள் உருளை முன்னால் நிற்க வேண்டியிருந்தது. விசாரணைக்காக வண்டி நிற்காது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மிளகை ஆபீஸ் பெஞ்சில் மாமனோடு உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

காவல் கம்பிக்குப் புதுச் சிவப்புச் சாயம் அடித்திருந்தார்கள். தம்பி நின்ற இடத்தில் புதிதாக ஒருத்தி நின்றாள். வந்து நாலு நாள்தான் ஆகிறது, விரிப்பின் முனையைத் தொடவே பயந்தாள். கம்பியில் துணி இடித்து உருளை நாலு தரம் நின்றது. ஒவ்வொரு தரமும் உருளையக்காவின் கண், தன்னையறியாமல், கட்டுவதற்கு ஏதாவது கந்தல் கிடக்கிறதா என்று தேடியது. அப்படித் தேடிய கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

மடிப்பு மேசைக்காரி இரண்டு விரிப்பை மடித்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். நான் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, குழந்தை இருந்தது என்று வாயில் வந்துவிட்டது என்றாள்.

"வந்ததை முழுங்கியிருக்கலாம்ல" என்றாள் உருளையக்கா.

"நான் எவ்வளவுதான் முழுங்குறது அக்கா? எனக்கும் வயிறு ஒண்ணுதானே இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "கம்பி கட்டினதை நான் பார்க்கலேன்னு சொன்னேன் பாரு, அதுவே இன்னும் செரிக்கல."

உருளையக்கா திரும்பிப் பார்க்காமல் அடுத்த விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். அப்படியானால் இவளுக்கும் தெரியும். இன்னும் எத்தனை பேருக்கு? அந்தக் கூடத்தில் அறுபது ஜோடிக் கண். எல்லாக் கண்ணும் அன்றைக்குத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னது அவளுக்காகத்தானா, அல்லது நாளைக்குத் தங்களுக்கும் இப்படி ஒருநாள் வரும் என்பதற்காகவா?

தானே போய்ச் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தினமும் தோன்றியது. உருளைக்கு முன்னால் நிற்கும்போது தோன்றும், வீட்டுக்குப் போனால் வாடகையும் அரிசியும் அதை அமுக்கிவிடும். தம்பிக்குக் காவல் வேலை கிடைக்கிறது, நாம் வைத்துச் சோறு போடப்போகிறோம், அவனை நடுத்தெருவில் விடவில்லையே என்று மேஸ்திரி தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சொல்லிச் சொல்லி, அது அவளுக்கே தன் வார்த்தை மாதிரி ஆகிவிட்டது.

*

ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு அடியில் அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் ஒரு நிதானம். குழந்தைகளிடம் பேசத் தனக்குத் தெரியும் என்ற தெம்பு அவள் உட்கார்ந்த விதத்திலேயே இருந்தது. மிளகுக்கு ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்திருந்தாள். மிளகு அதில் ஒரு வீடு வரைந்து, சுவருக்கு வெளியிலிருந்தே உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் ஆளும் தெரிகிற மாதிரி போட்டிருந்தாள்.

மேனேஜர் ஜன்னலோரம். மேஸ்திரி கதவருகே. தம்பி சுவரை ஒட்டிய நாற்காலியில், வெட்டுப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. உருளையக்கா மகளுக்குப் பின்னால் நின்றாள். தாய் கூட இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

அதிகாரியம்மா ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"குழந்தையைக் கேக்கிறது எனக்குப் பிடிக்காத வேலை. பெரியவங்க யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் இந்தக் குழந்தையை விளையாட அனுப்பிடுறேன்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார், அவ்வளவுதான். மிளகு நாற்காலியில் திரும்பி, தலையை நிமிர்த்தி, அம்மாவைப் பார்த்தாள். சாதாரணமாகப் பார்க்கிற பார்வை இல்லை. இமைக்காமல், எதற்கோ காத்திருக்கிற மாதிரி, வெகுநேரம் பார்த்தாள். பயப்படுகிறது என்று நினைத்து உருளையக்கா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். மிளகு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரியம்மா நீலப் பேனாவை உயர்த்தினாள். இது சிவப்புப் பேனா என்று நான் சொன்னால் அது என்ன என்று கேட்டாள்.

"பொய்."

"கெட்டிக்காரி. பொய் சொன்னா என்ன ஆகும்?"

"கண்டுபிடிச்சா அடி விழும்."

"கண்டுபிடிக்கலேன்னா?"

மிளகு யோசித்தாள். "கண்டுபிடிக்கலேன்னா ஒண்ணும் ஆகாது மேடம்."

அதிகாரியம்மா சிரித்துவிட்டாள். மேனேஜரைப் பார்த்து, இதுதான் குழந்தை, பெரியவர்களாக இருந்தால் பாவம் புண்ணியம் என்று நமக்குக் கதை சொல்வார்கள், இது உள்ளதைச் சொல்கிறது என்றாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். அந்தக் கம்பியை யாராவது கட்டினதைப் பார்த்தாயா?

"பார்த்தேன். மாமா கட்டினார்."

தம்பி அசையவில்லை. மேஸ்திரியின் மூச்சு சீராவது உருளையக்காவுக்குக் கேட்டது.

எதால் கட்டினார் என்ற கேள்விக்கு, கிழிந்த தலையணை உறை என்றாள் மிளகு. அது உண்மை. எப்படிக் கட்டினார் என்றதற்கு, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார் என்றாள். அதுவும் உண்மை. அம்மாவின் காரியத்தை ஒன்று விடாமல் எடுத்து மாமனுக்கு மாட்டினாள், சட்டை மாட்டுகிற மாதிரி, கீழிருந்து மேலே வரிசையாக.

அதிகாரியம்மா எழுதுவதை நிறுத்தினாள். சொல்லிக் கொடுத்த பிள்ளை எங்கே இடறும் என்று அவளுக்குத் தெரியும். பாடத்தில் இல்லாததைக் கேட்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சும்மா பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டாள்.

"மாமா எந்தக் கையால கட்டினார்?"

மேஸ்திரி நடத்திய பாடத்தில் இது இல்லை. மிளகு திரும்பி மாமனைப் பார்த்தாள். மடியில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். இன்னும் ஒரு வருஷம் முன்னால் என்றால் இருக்கிற கையைக் காட்டியிருப்பாள்; கண்ணுக்குத் தெரிவதுதான் அவளுக்கு உலகம். இப்போது புருவம் இரண்டும் கிட்டே வந்தன.

"ரெண்டு கையாலயும். அப்போ மாமாவுக்கு ரெண்டு கை இருந்துச்சு மேடம்."

தம்பி இடது கையை எடுத்து, இல்லாத கையின் மேல் மூடி வைத்துக்கொண்டான். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போதும் என்றாள். இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்று தாழ்ந்த குரலில் மேனேஜரிடம் சொன்னாள். அது மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

உருளையக்கா மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

துணி காய்கிற கொல்லையில் கொடிக்கு அடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெள்ளை விரிப்புகள் நாலு பக்கமும் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே, மிளகு சொன்னதை வைத்து, தானே கட்டினதாகத் தம்பியின் பேரில் வாக்குமூலம் எழுதுகிறார்கள். தம்பி கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் வைத்துவிட்டால் முடிந்தது. உருளையக்கா இதை எண்ணி மூச்சு விடப் பார்த்தாள். வரவில்லை.

"எந்தக் கைன்னு கேட்டதுக்குச் சொன்னியே, அது யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. நானே யோசிச்சேன்." மிளகு பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு செருப்பு நுனியால் மண்ணைக் கீறினாள். "மாமா பாவம்ல?"

"மாமாவுக்கு அன்னிக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை கண்ணு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதனால வருத்தமும் இருக்காது."

மிளகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையை டீச்சர் பார்க்கிற பார்வை.

"மாமாவுக்குத் தெரியும்மா. நீ கட்டினப்போ மாமா பக்கத்துலதானே நின்னாரு. பார்த்துட்டுதான் இருந்தாரு. ஞாபகம் இல்லைன்னு சும்மா சொன்னாரு."

"யாரு சொன்னது?"

"மாமாவே. மத்தியானம் சோறு சாப்பிடும்போது." மிளகு ஒரு விரலை மடக்கினாள். "நீ கட்டினது மாமாவுக்குத் தெரியும்." இன்னொரு விரல். "தெரியும்னு உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதுன்னு மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதே, உங்கம்மாவே ஒருநாள் சொல்லுவான்னு மாமா சொன்னாரு. நான் சொல்லவே இல்ல பார்த்தியா, அப்பாகிட்டகூட."

கொடியிலிருந்த விரிப்பு ஒன்று காற்றில் வந்து உருளையக்காவின் முகத்தில் ஒட்டியது. அவள் அதை விலக்கவில்லை. மிளகுதான் எழுந்து விலக்கிவிட்டாள்.

"மேடம் கேட்டாங்கல்ல, யாராவது சொல்றீங்களான்னு. அப்போ நீ சொல்லுவேன்னு நினைச்சு உன்னையே பார்த்தேன். நீ என் தோள்ல தட்டினே. சரி, இவ சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம்தான் அப்பா சொன்னதைச் சொன்னேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுகிற குரல். இவ என்றுதான் சொன்னாள், அம்மா என்று சொல்லவில்லை. அது அவளுக்கே தெரிந்திருக்காது.

மேஸ்திரி விரிப்புகளை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"எல்லாம் எழுதியாச்சு. உன் தம்பி விரலை வைக்க மாட்டேங்கிறான்" என்றார்.

"ஏன்?"

"எழுதினதை யாராவது படிச்சுக் காட்டணுமாம். மேனேஜர் படிக்கிறேன்னார், வேண்டாங்கிறான். நான் படிக்கிறேன்னேன், வேண்டாங்கிறான். எங்கக்கா வந்து என் எதிர்ல உக்காந்து படிச்சா வெக்கிறேங்கிறான். அது அவன் உரிமைன்னு அந்தம்மாவும் சொல்லிடுச்சு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பக்கம்தான். மடமடன்னு படிச்சுட்டு வா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா முரண்டு பிடிக்கிறான்."

உருளையக்கா கணவன் முகத்தைப் பார்த்தாள். இவருக்கும் தெரியாது. இந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று முழுக்கத் தெரிந்த ஆள் ஒன்றே ஒன்றுதான். அதற்கு விழுந்த முன்பல் இன்னும் முளைக்கவில்லை.

அவர்கள் உள்ளே போனபோது மேஜைக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள், தம்பிக்கு நேர் எதிராக, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில். மைப்பெட்டி திறந்திருந்தது. அதிகாரியம்மா காகிதத்தை உருளையக்காவிடம் நீட்டினாள். இந்தப் பத்து நாளில் முதல் முறையாகத் தம்பி அவள் கண்ணை நேராகப் பார்த்தான்.

"உக்காரு அக்கா" என்றான். "அவசரம் இல்லை. யாரு கட்டினாங்கிற இடம் வரும்போது மட்டும் நிறுத்தி, என்னைப் பார்த்துப் படி."